ஆணி அறியா ஓடம்

முன்னுரை

கடலோடு உறவாடிய மக்களின் இலக்கியத்தைக் கற்கும் நாம், அக்கடலைக் கடக்க உதவிய மரக்கலத்தைப் பற்றிக் கற்பது மிகக் குறைவு. பட்டினப்பாலை பாடமாக வரும்பொழுது, உப்பை விற்று நெல்லைக் கொண்டுவந்த பஃறிகள் குதிரைகளைப் போலத் தறிகளில் கட்டப்பட்டு நிற்கும் காட்சியைக் காண்கிறோம். உவமையின் நயத்தைப் பாராட்டுகிறோம். அடுத்த அடிக்குச் சென்று விடுகிறோம். அந்தப் பஃறியைச் செய்தவர் யார், எந்த மரத்தால் செய்தார், பலகையோடு பலகையை எதனால் இணைத்தார் என்னும் வினாக்கள் வகுப்பறையில் எழுவதில்லை.

அவ்வினாக்களுள் இறுதியாக நிற்பதை, அதாவது பலகையைப் பலகையோடு இணைக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் வழங்கிய, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்ட, துடுப்பால் செலுத்தப்பட்ட சிறு மரப் படகே நமது ஆய்வுப் பொருள். அதனைச் செய்யும் முறையை முதலில் அறிந்துகொள்வோம். பின்னர், அக்கைவினையோடு சேர்ந்து நம்மிடமிருந்து நழுவிச் செல்வது எது என்பதைச் சிந்திப்போம்.

பெயர்கள் கூறும் செய்தி

நீரில் செல்லும் ஊர்திகளுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. புணை, மிதவை, தெப்பம், பரிசல், அம்பி, திமில், பஃறி, ஓடம், தோணி, படகு, வள்ளம், வங்கம், நாவாய், கலம் என அப்பட்டியல் நீளும். இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்று எண்ணிவிடுதல் பொருந்தாது. மரங்களைச் சேர்த்துக் கட்டினால் புணை. ஒரே மரத்தைக் குடைந்து செய்வது ஒரு வகை. பலகைகளை இணைத்துச் செய்வது மற்றொரு வகை. செய்முறை மாறும்பொழுது பெயரும் மாறுகிறது. சிலப்பதிகாரத்தில் வையைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் கொண்ட அம்பிகள் நிற்கின்றன. எனினும் கோவலனும் கண்ணகியும் மரப்புணையில் ஏறியே ஆற்றைக் கடக்கின்றனர். இளங்கோவடிகள் அம்பி வேறு, புணை வேறு என்பதைத் தெளிவாக அறிந்தே எழுதியுள்ளார்.

கப்பற்றொழிலின் சொற்களுள் பிற மொழி உறவும் உண்டு. சுக்கான் என்பது அரபுச் சொல். மாலுமி என்பது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். முஅல்லிம் என்றால் ஆசிரியர் என்று பொருள். கடலில் வழி அறிந்து சொல்பவரை அரபு மக்கள் ஆசிரியர் என்றே அழைத்தனர். நங்கூரம் பாரசீகத்தின் 'லங்கர்' என்பதோடு தொடர்புடையது. மரக்காயர் என்னும் பெயரை மரக்கலம் என்பதோடு இணைப்பாரும், கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லோடு இணைப்பாரும் உளர். மறுதலையாக, நமது கட்டுமரம் ஆங்கிலத்துக்குச் சென்று அகராதியில் இடம்பெற்றது. கயிறு என்பதன் மலையாள வடிவமும் அவ்வாறே ஆங்கிலத்தில் தென்னை நாருக்குப் பெயராயிற்று. கடல் வழியே சரக்குகள் மட்டுமன்றிச் சொற்களும் ஏறி இறங்கின என்பதற்கு இவை சான்றாகும்.

படகு கட்டும் தச்சருக்கு ஓடாவி என்று பெயர். இலங்கைத் தமிழில் மரத்தச்சர் எவரையும் ஓடாவி என அழைக்கும் வழக்கு உண்டு. படகின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம். அடிமரத்துக்கு ஏரா என்றும், விலாச் சட்டத்துக்கு வங்கு என்றும் பெயர். இச்சொற்களை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

சென்னைக் கரையும் மசூலாப் படகும்

தைத்த படகின் தேவையை விளங்கிக்கொள்ளச் சென்னைக் கரையே சிறந்த சான்று. 1639இல் ஆங்கிலேயர் அங்கு இடம் பெற்றபொழுது அது துறைமுகம் இல்லாத திறந்த மணற்கரை. ஆழம் போதாமையால் கப்பல்கள் கரையிலிருந்து விலகியே நங்கூரமிட்டன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே வரிசை வரிசையாக அலைகள் உடைந்துகொண்டிருந்தன. மனிதரும் சரக்கும் அந்த அலைகளைக் கடந்தே கரைசேர வேண்டும்.

ஐரோப்பியக் கப்பல்களில் சிறு படகுகள் இருந்தன. அவை நல்ல மரத்தால் ஆணி அடித்துச் செய்யப்பட்டவை. ஆயினும், சென்னை அலைகளில் அவை உதவவில்லை. அலை தூக்கி மணலில் அறையும்பொழுது அந்த விறைப்பான உடல் அதிர்ச்சியைத் தாங்கமாட்டாமல் பிளந்தது. ஆகவே, இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஆளுநர் முதல் அஞ்சல் மூட்டை வரை அனைத்தும் உள்ளூர்த் தைத்த படகில் ஏறியே கரை இறங்கின. அதற்கே மசூலாப் படகு என்று பெயர்.

தட்டையான அடிப்பாகமும் உயர்ந்த பக்கங்களும் உடைய படகு அது. நீளம் 30 அடியை ஒட்டியிருக்கும். உள்ளே விலாச் சட்டங்கள் இல்லை, ஆணி இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு பேர் துடுப்பு வலிப்பர். அமரத்தில் ஒருவர் நின்றுகொண்டு நீண்ட துடுப்பால் திசை திருப்புவார். அலை அறைந்தால் அதன் பலகைகள் சற்றே நெகிழ்ந்து கொடுத்து மீண்டும் தம் நிலைக்கு வரும். கடல் சீற்றமாக இருக்கும் நாள்களில், கவிழ்ந்தால் காப்பாற்றுவதற்காகக் கட்டுமரங்களும் உடன் செல்லும்.

1861இல் சென்னையில் இரும்புத் தூண்களின்மேல் கடலுக்குள் நீளும் இறங்குதுறை அமைந்தது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பரில் வீசிய புயல் அந்தக் கட்டுமானத்தைப் பெரிதும் சிதைத்தது. மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட பின்னரே மசூலாப் படகின் தேவை படிப்படியாகக் குறைந்தது. சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் தோற்றத்தைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் அடிப்படையானது.

மரமும் கருவியும்

படகின் முதல் வேலை மரம் தேர்தல். வீட்டுக் கதவுக்குரிய மரம் வேறு; வளைந்து கொடுக்க வேண்டிய படகுப் பலகைக்குரிய மரம் வேறு. மசூலாப் படகுக்குப் பெரும்பாலும் மாமரப் பலகை பயன்பட்டது. தேக்கோடு ஒப்பிட்டால் மாமரம் ஆயுள் குறைந்ததே. ஆனால் எளிதில் கிடைக்கும், விலை குறைவு, மெல்லிதாக அறுத்தால் வளையும். சேரநாட்டுக் கரையில் அயினி மரம் சிறப்பிடம் பெற்றது.

கருவிகள் மிகச் சில: மரத்தைச் செதுக்க வாய்ச்சி, விளிம்பை ஒழுங்குசெய்ய இழைப்புளி, நுண்பணிக்கு உளி, அதனைத் தட்டக் கொட்டாப்புளி, துளையிடத் துரப்பணம், நேர்மை பார்க்க நூல். வரைபடம் இல்லை. அளவு ஓடாவியின் கண்ணிலும் முழத்திலும் விரலிலும் இருந்தது. கப்பல் கட்டுதல் பற்றிக் கப்பல் சாத்திரம் என்னும் தமிழ் நூல் உண்டு. எனினும் சிறு படகின் நுட்பம் ஏட்டில் ஏறாமல், தந்தை செய்ய மகன் பார்த்துக் கற்பதாகவே இருந்தது.

உடல் முதலில், விலா பின்னர்

படகு கட்டுவதில் உலகெங்கும் இரண்டு நெறிகள் உள்ளன. ஏராவை நிறுத்தி, அதன்மேல் வங்குகளை நட்டு, எலும்புக்கூட்டை முடித்த பின்னர்ப் பலகையைப் போர்த்துவது ஒரு நெறி. இங்கு வடிவத்தைத் தீர்மானிப்பது சட்டம். பலகையைப் பலகையோடு முதலில் இணைத்து உடலை எழுப்பி, தேவைப்பட்டால் பிறகு விலாக்களைப் பொருத்துவது மற்றொரு நெறி. இங்கு வடிவத்தைத் தீர்மானிப்பது பலகையின் விளிம்பு. தையற்படகு இரண்டாம் நெறியைச் சார்ந்தது.

எனவே, விளிம்பைப் பொருத்துவதே இக்கலையின் உயிர்நிலை. அடிப்பலகைகளைத் தரையில் கட்டைகளின்மேல் பரப்பி இணைத்த பின்னர், பக்கப் பலகைகள் ஒவ்வொன்றாக ஏறும். பலகையை வளைக்க ஒருபுறம் நீர் தெளித்து மறுபுறம் அனல் காட்டுவர். சூட்டில் மரநார் இளகும்; அந்நிலையில் கயிறும் ஆப்பும் கொண்டு இழுத்து நிறுத்தினால், ஆறிய பின்னர் அவ்வளைவிலேயே நிற்கும். பொருத்தம் பார்க்க ஒரு விளிம்பில் காவியோ கரியோ பூசி, மற்றப் பலகையை அதன்மேல் வைத்து அழுத்துவர். எங்கெங்கு நிறம் ஒட்டுகிறதோ அங்கெல்லாம் மேடு. அதனை இழைத்து மீண்டும் வைப்பர். விளிம்பு முழுவதும் ஒரே சீராக நிறம் ஏறும்வரை இது தொடரும். அவசரம் உடையவர் இத்தொழிலில் நிலைக்க இயலாது.

தையல்

விளிம்பு பொருந்திய பின்னர், இரண்டு பலகைகளிலும் ஒன்றுக்கொன்று நேராகத் துளைகள் இடப்படும். துளை விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் கயிறு இறுகும்பொழுது மரம் கிழியும். மிகத் தள்ளி இருந்தால் தையல் தளரும். இந்த நடுநிலையே ஓடாவியின் பட்டறிவு.

தைக்கப் பயன்படுவது தென்னை நாரால் முறுக்கிய கயிறு. தேங்காய் மட்டையை உப்பங்கழியில் பல மாதங்கள் ஊறவைத்து, அடித்து, நாரைப் பிரித்து, கையால் திரிப்பர். உப்புநீர் இரும்பை அரிக்கும்; ஆனால் தென்னை நார் உப்புநீரிலேயே பக்குவப்பட்டது. நனைந்தாலும் அது வலிமையை எளிதில் இழப்பதில்லை. இரும்பாணி துருப்பிடிக்கும்பொழுது தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கிறது என்பதையும் கருதவேண்டும்.

பலகைகள் சந்திக்கும் கோட்டின்மேல் வைக்கோலோ தேங்காய் நாரோ திரணையாக வைக்கப்படும். படகின் உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் இருந்து தைப்பர். ஒருவர் கயிற்றைத் துளையில் செலுத்த, மற்றவர் அதனை வாங்கிக் கோலில் சுற்றி நெம்பி இறுக்குவார். கயிறு திரணையின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி அதனைச் சந்தின்மேல் அழுத்தும். ஒருவர் இழுக்கும் வேகம் மற்றவர் விடும் வேகத்தோடு ஒத்திருக்க வேண்டும். தனியொருவர் செய்து முடிக்கும் தையல் அன்று இது. தைத்து முடித்த துளைகளில் நாரைத் திணித்து அடைப்பர். சந்துகளை அடைக்கும் இவ்வேலையைக் கலப்பத்து என்பர். இச்சொல்லுக்கு அரபிலும் போர்த்துக்கீசியத்திலும் உறவுச் சொற்கள் உண்டு.

இறுதியாக மீனெண்ணெய் பூசுவர். சுறா ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் கயிற்றுக்கும் மரத்துக்கும் காப்பாகும். அடிப்பாகத்துக்குக் குங்கிலியமோ, கொழுப்பில் குழைத்த சுண்ணாம்போ பூசும் வழக்கமும் கடலோரங்களில் இருந்தது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுப்பதே இதன் நோக்கம். புதிய படகை நீரில் விட்டவுடன் சந்துகளில் நீர் கசியும். மரமும் நாரும் நீரை உறிஞ்சிப் பருத்த பின்னர் அக்கசிவு குறையும்.

துடுப்பு

படகு முடிந்தால் துடுப்பு வேண்டும். மசூலாப் படகின் துடுப்பு, நீண்ட கழியின் நுனியில் வட்டமான அல்லது முட்டை வடிவான பலகையைக் கட்டிச் செய்தது. அதுவும் கயிற்றுக் கட்டே. படகின் விளிம்பில் உள்ள முளையில் கயிற்று வளையம் இட்டு அதற்குள் துடுப்பைச் செலுத்துவர். துடுப்பு ஒரு நெம்புகோல். முளைக்கு உட்புறம் உள்ள நீளம் குறைவாகவும் வெளிப்புறம் உள்ள நீளம் அதிகமாகவும் அமையும். உட்புறம் மிகக் குறைந்தால் வலிப்பவர் களைத்துப் போவார். மிகக் கூடினால் படகு விரையாது. தமிழ் மரபில் தண்டு வலித்தல் என்று கூறுவது பொருள் பொதிந்தது. வலித்தல் என்பது தன்பால் இழுத்தல் அன்றோ?

ஆணியா, கயிறா?

தையற்படகைப் பற்றி இடைக்காலப் பயணிகள் இருவேறு தீர்ப்புகளை வழங்கினர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரசீகக் கரையின் ஹுர்முஸ் துறையைக் கண்ட மார்க்கோ போலோ, ஆணியின்றித் தைத்த அந்நாட்டுக் கப்பல்கள் ஆபத்தானவை என்று குறை கூறினார். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவிலும் மஅபர் எனப்பட்ட நமது கரையிலும் தங்கிய இப்னு பதூதா, இதற்கு மாறான கருத்தை எழுதினார். இக்கடலில் பாறைகள் மிகுதி. ஆணி அடித்த கப்பல் மோதினால் உடையும். கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் கூறியதன் சாரம்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதே நமது கருத்து. தைத்த படகு கசியும். நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு நைந்தபொழுது பிரித்து மீண்டும் தைக்க வேண்டும். பெரும் பாரம் ஏற்றி நெடுங்கடல் செல்லும்பொழுது இக்குறைகள் பெரிதாகும். எனினும் அலை உடையும் கரையில், மணலில் மோதி இறங்கும் சிறு படகுக்கு அந்த நெகிழ்ச்சியே உயிர் காத்தது. சென்னைக் கரையின் வரலாறு இப்னு பதூதாவின் பக்கம் சாட்சி சொல்கிறது.

இவ்விடத்தில் ஒரு சொல்லாய்வு நினைவுக்கு வருகிறது. திருக்குர்ஆனின் 54ஆம் அத்தியாயம் 13ஆம் வசனத்தில், நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைக் குறிக்குமிடத்துப் பலகைகளோடு 'துஸுர்' என்னும் சொல்லும் வருகிறது. விரிவுரையாளர் பலர் அதற்கு ஆணிகள் என்று பொருள் உரைத்தனர். அரபு அகராதி நூலாரோ ஆணி என்னும் பொருளோடு, கப்பற் பலகைகளைக் கட்டும் பேரீச்ச நார்க்கயிறு என்னும் பொருளையும் பதிவு செய்துள்ளனர். தைத்த கலங்களைக் கண்டறிந்த சமுதாயத்தின் மொழியில்தான் அச்சொல் இரு பொருளையும் தாங்கி நிற்க இயலும். ஒரு தொழிலை அறியாவிடின் ஒரு சொல்லின் பொருளையும் முழுமையாக அறிய இயலாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மீண்டும் தைத்தவர்கள்

சிறு படகைத் தைக்கும் முறையே பெருங்கலத்துக்கும் அடிப்படை. ஆகவே, மறைந்த பெருங்கலங்களை மீண்டும் கட்ட விரும்பியவர்கள் சிற்றூர்க் கைவினைஞரையே நாடினர். ஆங்கிலேயப் பயணி டிம் செவெரின், பழைய அரபுக் கப்பல் ஒன்றை ஓமான் நாட்டில் ஆணியின்றிக் கட்டுவித்து, 1980–81இல் மஸ்கட்டிலிருந்து சீனம் வரை செலுத்தினார். 'சோஹார்' என்னும் அக்கப்பலைக் கட்டும் பணியில் முதன்மைப் பங்கு ஏற்றவர் மினிக்காய்த் தீவைச் சேர்ந்த அலி மாணிக்ஃபான். பல மொழிகளைத் தாமே கற்றுத் தேர்ந்த அவர், மண்டபத்தில் உள்ள கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கண்டறியப்பட்டது. சீனப் பீங்கான்களைச் சுமந்திருந்த அக்கப்பலின் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அதனை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட 'மஸ்கட்டின் மணி' என்னும் பொருள்படும் கப்பல் 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூர் சென்றடைந்தது. இந்தியக் கடற்படையும் அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலைத் தழுவிக் 'கௌண்டின்யா' என்னும் தைத்த கப்பலை 2025இல் சேர்த்துக்கொண்டது. தையலுக்குக் கேரளத்துக் கைவினைஞர் அழைக்கப்பட்டனர். தைக்கும் கை அங்கு இன்னும் இருந்ததே காரணம்.

சொல்லும் மறைகிறது

நமது கரையில் நிலை வேறு. கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் வந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், இழந்தவற்றுக்கு ஈடாகக் கண்ணாடியிழைப் படகுகளே பெருந்தொகையாக வழங்கப்பட்டன. அவை எடை குறைந்தவை, உளுத்துப் போகாதவை, ஆண்டுதோறும் தைக்க வேண்டாதவை. மீனவருக்கு அவை தந்த நன்மையை நாம் மறுக்க இயலாது. மரப் படகுக்கே திரும்புக என்று கரையில் நின்று அறிவுரை கூறும் உரிமையும் நமக்கு இல்லை.

ஆனால், அச்சில் வார்த்த படகுக்கு வங்கு வேண்டாம், திரணை வேண்டாம், கலப்பத்து வேண்டாம், ஓடாவியும் வேண்டாம். பொருள் போனால் அதன் பெயரும் போகும். இன்னும் சில ஆண்டுகளில் ஓடாவி என்பது அகராதியில் மட்டும் உறையும் சொல் ஆகிவிடக்கூடும். அகராதியில் ஏறிய சொல்லாவது தப்பும். ஏறாத சொற்கள் எத்தனையோ! துளையிடும் இடைவெளிக்கு ஒரு பெயர், கயிற்றை முதலில் மாட்டும் முடிச்சுக்கு ஒரு பெயர், வளைக்கும் பதத்துக்கு ஒரு பெயர் என ஊருக்கு ஊர் சொற்கள் இருக்கும். அவற்றை அறிந்தோர் முதுமை எய்தி வருகின்றனர்.

முடிவுரை

தையற்படகின் உறுதி, தனிப்பலகையின் வலிமையால் வந்ததன்று. பலகைகள் இணைந்த முறையால் வந்தது. அந்த இணைப்பு ஒருமுறை செய்து மறந்துவிடக் கூடியதன்று. ஆண்டுதோறும் பார்த்துப் பழுது நீக்கப்பட வேண்டியது. மொழிச் செல்வமும் அத்தகையதே. ஒரு தலைமுறை கவனியாது விட்டால் தையல் நைந்துவிடும்.

எனவே, நம் துறை மாணவர்க்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். விடுமுறையில் கடற்கரை ஊர்களுக்குச் செல்லும் மாணவர்கள், படகு கட்டிய அனுபவமுடைய முதியவர் ஒருவரையேனும் அணுகுங்கள். கருவி, மரம், படகின் உறுப்பு, செயல் என நான்கு தலைப்புகளில் அவர் கூறும் சொற்களை அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் ஒரு சிறு படம் வரையுங்கள்; ஊர்ப்பெயரையும் நாளையும் குறியுங்கள். நூலில் கண்ட சொல்லை நீங்களே அவர் வாயில் திணித்துவிடாதீர்கள். அவர் சொல்லும்வரை காத்திருங்கள். சமுதாயப் பெரியோர்களும் தம் ஊர்களில் உள்ள ஓடாவிகளை மாணவர்க்கு அறிமுகம் செய்து உதவ வேண்டுகிறோம். ஒரு மாணவர் பத்துச் சொற்கள் கொணர்ந்தால், நூறு மாணவர் ஆயிரம் சொற்கள் கொணரலாம். பலவும் திரும்ப வரும். சில புதியனவாக இருக்கும். அந்தச் சிலவற்றுக்காகவே இம்முயற்சி.